கருங்காலி

தங்கத்துக்கு உரைகல் வைத்திருக்கிறார் சுகன்ராஜ் சேட்டு.
தெரியாத சாமான் வந்தால் எனக்குப் போன்.
பெரியமேட்டிலிருந்து வரப்போக ஆட்டோ காசு,
ஒரு டீ, அப்புறம் நூற்றுக்கு இரண்டு.

மின்ட் தெருவில் கணுக்கால் வரை மழைத்தண்ணீர்.
ஹெப்சிபா குடையை மடக்காமல் நிற்கிறாள்.
புரசைவாக்கம் மாடியில் சனிக்கிழமை ராத்திரிகளில்
பணம் வைத்து ஆடுகிறவள். பார்த்திருக்கிறேன்.
தோற்றும் பார்த்திருக்கிறேன், போன வாரம்.
உறையின் ஜிப்பை அவளேதான் திறந்தாள்.

“குச்சியா?” என்றார் சேட்டு.
“வெள்ளி எத்தனை கிராம் தேறும்?”
வெள்ளி இல்லை சேட்டு, வளையம் நிக்கல்.
அடியில் பதித்த வெள்ளைச் சதுரம் தந்தமில்லை,
எருமை எலும்பு. மஞ்சள் ஏறியிருக்கிறது.
ஏறட்டும். பிளாஸ்டிக்குக்குத்தான் வயசாகாது.

சேட்டு முகம் சப்பென்று ஆனது.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

மேசைமேல் உருட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.
மேசை கோணலென்றால் அவர்களுக்கு க்யூவும் கோணல்.
நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
டியூப்லைட் வெளிச்சம் மரத்தில் போடும் கோட்டைப் பார்ப்பேன்.
திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
இந்த ஊர்க் காற்றில் கதவே உப்பி நிலையில் சிக்குகிறது;
மேப்பிளில் அந்தக் கோடு
ஒரு மயிரிழை நெளியவில்லை.

இரண்டு துண்டையும் பூட்டுகையில், கடைசிச் சுற்றில்,
உள்ளிருந்த காற்று சின்னதாய்ப் பெருமூச்சு விட்டது.
இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டினேன்.
நகத்துக்குத் தெரியவில்லை.

கைப்பிடி மரத்துக்குள் ஏறுகிற நான்கு கூர்முனைகள்
ஈட்டி மரம். ஈட்டியில் ஈட்டி!
செய்தவன் தனக்குள் சிரித்திருப்பான்.
ஸ்டிக்கர் ஒட்டிய மலிவுச் சரக்கில்
நான்கும் அச்சடித்தாற்போல் ஒரே உயரம். அச்சடித்ததுதானே.
இதில் நான்காவது முனை அரை அரிசி குட்டை.
விலையில் கழிக்கலாம்.
கழிக்க எனக்கு மனசில்லை,
அல்லது நிறைய மனசிருந்தது.

அடிரப்பரைக் கழற்றினால் பென்சில் எழுத்து:
பத்தொன்பது அவுன்ஸ். ஹெ. குட்டை விரல்.
அதனால்தான் முன்துண்டு இத்தனை மெலிசு.
ஒருத்தியின் கைக்கு அளவெடுத்தது
இன்னொருத்தர் கையில் பாதி விலை.
சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.
நான் குறைத்துச் சொன்னால் பொய்யும் ஆகாது.

தவணை தவறினால் ஏலம்.
அங்கே வருகிறவர்களுக்கு வளையல் வேண்டும், குத்துவிளக்கு வேண்டும்.
இதைக் கேட்க ஒரே ஆள்தான் இருப்பேன்.
எனக்கும் விரல் குட்டை.

“கறுப்பாயிருக்கே, இது என்ன மரம்?” என்றார் சேட்டு.
கருங்காலி, என்றேன்.
ஹெப்சிபா அப்போதுதான் நிமிர்ந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாள்.
கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வளையமாகி
க்யூ அதற்குள் முன்னும் பின்னும்
தானாகவே போய் வந்துகொண்டிருந்தது.

“கீழ வைங்கண்ணா” என்றாள்.
“வெல சொல்றவங்க இப்படிப் புடிக்க மாட்டாங்க.
வாங்கறவங்கதான் புடிப்பாங்க.”

வெளியே ஒரு லோடு வண்டி
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
அலை படிவரை வந்து திரும்பியது.

கீழே வைத்தேன். ஒரு தொகை சொன்னேன்.
சேட்டு அதில் பாதியை எண்ணிக் கொடுத்தார்;
நான் எதைச் சொல்லியிருந்தாலும்
பாதிதான் கொடுத்திருப்பார்.
அதை நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

ரசீதில் அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்:
மரக்குச்சி. எண்ணம் ஒன்று.
கீழே, சாட்சி என்ற இடத்தில்,
என் பெயர்.